ஜெபக்கனி போட்ட கோடு

உட்காருங்க அக்கா. இந்த பெஞ்சுல அந்தப் பக்கம் ஆணி தூக்கிட்டு நிக்குது, சேலை மாட்டிக்கும். இப்படி என் பக்கமா தள்ளி உட்காருங்க. அக்கான்னு கூப்பிடுறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கம்மியாத்தான் இருக்கும். இருபத்திநாலு வருஷமா ஜவுளிக்கடையில நின்ன வாய். காலேஜ் பொண்ணு வந்தாலும் அக்காதான், தலை நரைச்சவங்க வந்தாலும் அக்காதான்.

முதல் தடவையா? பார்த்தாலே தெரியுது. பழைய ஆளுங்க அவங்கவங்க காலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. புதுசா வர்றவங்கதான் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. எங்க, சேலையைக் கொஞ்சம் தூக்குங்க. அட, என்ன வெக்கம், இந்த வராந்தாவுல எல்லாருக்கும் அதே கால்தான். ம். கணுக்காலுக்கு உள்பக்கம், கொஞ்சம் மேல. சுத்திலும் கருத்துப்போய், தோல் பழைய புளி மாதிரி. அரிக்குமே? சாயங்காலமானா செருப்பு நுழையாதே? அதேதான். எல்லாருக்கும் ஒரே டிசைன்.

என்ன வேலை பார்க்கிறீங்க? பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறீங்களா. நின்னுக்கிட்டே கிண்டணும். அதான். அந்த ஓரத்துல இருக்காரே, அவர் பரோட்டா மாஸ்டர். அவருக்குப் பக்கத்துல சலூன்காரர். உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட இந்த வராந்தாவுக்கு வர மாட்டாங்க. உள்ள இருக்கிற டாக்டரைத் தவிர.

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இங்க கட்டு. கட்டு போடுறது ஜெபக்கனின்னு ஒரு சிஸ்டர். திருச்செந்தூர்ப் பக்கம். நல்ல பொண்ணு. நான் யாரையும் குறை சொல்ற ஆள் இல்லை. ஆனா அவளுக்குக் கட்டத் தெரியாது.

பயப்படாதீங்க. பயமுறுத்தவா சொல்றேன். நமக்கு முன்னாடி இன்னும் பதினோரு பேர் இருக்காங்க, முழுசா சொல்றேன் கேளுங்க.

நம்ம கடை டவுன்ல பெரிய கடை. மூணாவது மாடி முழுக்கப் பட்டு. அந்த மாடியில கண்ணாடிக்குள்ள எட்டுப் பொம்மை நிக்குது பாருங்க, அந்த எட்டுக்கும் சேலை கட்டுறது இந்தப் பஞ்சவர்ணம்தான். காலையில கட்டிவிட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு மடிப்பு நழுவாது. கல்யாணப் பொண்ணு வந்து நின்னா, அவ மேல போட்டு, கொசுவம் வெச்சு, முந்தானையை விசிறிக் காட்டுவேன். பொண்ணு கண்ணாடியைப் பார்ப்பா. பொண்ணோட அம்மா பொண்ணைப் பார்ப்பாங்க. அம்புட்டுதான், சேலை பில்லுக்குப் போயிரும். அப்படிப்பட்ட கை இது. இந்தக் கைக்கு ஒரு முழக் காலைக் கட்டத் தெரியாதாம்.

கால்ல நரம்பு சுருண்டுக்கிட்டது பத்து வருஷத்துக்கு முந்தியே. கெண்டைக்கால் முழுக்கப் பச்சையும் நீலமுமா முடிச்சு முடிச்சா. சேலைக்குள்ள இருக்கிற கால் யார் கண்ணுல படப்போகுதுன்னு விட்டுட்டேன். கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டம் வந்த பிறகு கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தாங்க. நல்ல வசதி. பிரிச்ச சேலையை எல்லாம் அது மேலதான் அடுக்கி வைப்பேன். உட்கார்ந்தா? கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா அவங்க அடுத்த கவுண்டருக்குப் போயிருவாங்க. அடுத்த கவுண்டர்ல கோமளா நிக்குறா. முப்பது வயசு, சிரிச்சாப் பல் வரிசையாத் தெரியும். நான் எப்படி உட்கார்றது?

பங்குனி கடைசியில, கல்யாணச் சரக்கு இறக்குறப்ப, இரும்பு ரேக்கு முனை கணுக்கால்ல கீறிச்சு. கொசுக்கடி அளவு. மஞ்சள் வெச்சேன். அது பாட்டுக்கு இருந்துச்சு. சித்திரையில நீர் கோத்துச்சு. வைகாசியில பெருசாயிருச்சு. ஒரு நாள் ஒரு கஸ்டமர் அம்மா மூக்கைச் சுளிச்சு, "இங்க எங்கயோ எலி செத்துக் கிடக்குது"ன்னாங்க. நானும் குனிஞ்சு எலியைத் தேடினேன், அவங்களோட சேர்ந்து. கவுண்டருக்கு அடியில எல்லாம் தேடினேன்.

அன்னைக்குச் சாயங்காலம் தனசேகரன் சார் கூப்பிட்டார். மாடி மேனேஜர். எனக்கு அப்புறம் சேர்ந்தவர். "பஞ்சவர்ணம்மா, முதல்ல ஆஸ்பத்திரியில காலைக் காட்டுங்க. அதுவரைக்கும் கீழ ஃபால்ஸ் தைக்கிற இடத்துல உட்காருங்க. புண் ஆறிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா மேல வாங்க. தீபாவளிக்குள்ள வரலைன்னா பட்டு கவுண்டர் கோமளாவுக்கு." அவர் நல்லவர்தான். ஆனா சொல்லும்போது கோமளா பின்னாடி நின்னு ஒரு சேலையை மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரே சேலையை மூணு தடவை மடிச்சா.

இப்படித்தான் இங்க வந்தேன். நஸ்ரின் டாக்டரம்மா தன்மையானவங்க. மெஷினை வெச்சு, ஜெல்லியைத் தடவி, கால்ல ரத்தம் ஓடுறதை டிவியில காட்டினாங்க. கால்ல இறங்குன ரத்தம் திரும்ப மேல ஏறணுமாம். ஏறுற வழியில சின்னச் சின்னக் கதவு இருக்காம், ரத்தம் திரும்பக் கீழ விழாம பிடிச்சுக்கிறதுக்கு. எனக்கு அந்தக் கதவெல்லாம் தளர்ந்து போச்சாம். அதனால ரத்தம் கால்லயே தேங்குது, தேங்கின இடத்துல புண்ணு ஆறாது. "மருந்து புண்ணுல இல்லைம்மா, கட்டுலதான் இருக்கு. ஆறின பிறகு அந்த நரம்பை லேசர் வெச்சு அடைச்சிடலாம். இப்ப கட்டு. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உசரத்துல இருக்கணும். சும்மா நிக்கக் கூடாது, நடக்கணும்"னாங்க. கவுண்டருக்குப் பின்னாடி மூணடி இடம் டாக்டர், அதுல எங்க நடக்கிறதுன்னேன். சிரிச்சாங்க. நான் சிரிக்கச் சொல்லலை.

அப்புறம் ஜெபக்கனி கட்டினா. முதல்ல பஞ்சு சுத்தி, அதுக்கு மேல அகலமான நாடா. விரல் பக்கத்துல ஆரம்பிச்சு முழங்காலுக்குக் கீழ வரைக்கும். கட்டும்போதே எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. ஏன்னா அவ தலைகீழாக் கட்டுறா. கணுக்கால்ல இழுத்து இழுத்து இறுக்குறா. மேல போகப் போக லேசா விட்டுட்டே போறா. நீங்களே சொல்லுங்க, பாவாடை நாடாவை இடுப்புல இறுக்குவோமா, பாதத்துல இறுக்குவோமா? மேல இறுக்கினாத்தானே கீழ இருக்கிறது நிக்கும்?

கேட்டேன். "சிஸ்டர், இது நழுவிராதா?"

"நழுவாது அக்கா. கீழ இருந்து மேல தள்ளிவிடணும்ல. அதான் கீழ இறுக்கம்."

"நான் எட்டுப் பொம்மைக்குக் கட்டுறவ."

"பொம்மைக்கு ரத்தம் ஓடாதே அக்கா."

ஓடாட்டி என்ன, சேலை நிக்குதுல்ல? சொல்லலை. மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன். அடுத்த செவ்வாய் வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினா.

வீட்டுக்குப் போனதும் அவிழ்த்தேன்.

பின்ன? மடிப்பு மடிப்பா, ஒரு சுத்து அகலம், ஒரு சுத்து ஒடுக்கம். அதைப் பார்த்துக்கிட்டு எப்படி இருக்கிறது? அவிழ்த்து நம்ம முறையில கட்டினேன். முழங்காலுக்குக் கீழ நல்லா இறுக்கி, ஊக்குப் போட்டு, கீழ வர வரத் தளர்த்தி, புண்ணு மேல காத்தாட விட்டேன். என்ன அழகு தெரியுமா? பட்டு கவுண்டர்ல வைக்கலாம். பாதம் மட்டும் கொஞ்சம் பன்னு மாதிரி ஆச்சு. அது ஃபால்ஸ் தைக்கிற இடத்துல உட்கார்ந்தே இருக்கிறதால.

செவ்வாய்க்கிழமை காலையில மறுபடி அவிழ்த்து அவ கட்டின மாதிரியே கோணல்மாணலாக் கட்டிக்கிட்டு வருவேன். அவ மனசு நோகக் கூடாதுல்ல.

இங்க ஒரு வழக்கம் இருக்கு அக்கா, உங்களுக்கும் செய்வாங்க. கண்ணாடி மாதிரி ஒரு தாளைப் புண்ணு மேல வெச்சு, ஓரத்தைப் பேனாவால வரைஞ்சு, தேதி போட்டு வெச்சுக்குவாங்க. ஒவ்வொரு வாரமும் புதுத் தாளைப் பழசோட வெச்சுப் பார்ப்பாங்க. முதல் வாரம் என்னோடது அப்படியே பட்டுச்சேலையில வர்ற மாங்காய் புட்டா. வால்கூட வளைஞ்சிருந்துச்சு. ரெண்டாவது வாரம் மாங்காய் பெருத்துச்சு. நாலாவது வாரம் பக்கத்துல ஒரு இலை விட்டுச்சு. அஞ்சாவது வாரம் கொடியே ஓடுது.

டாக்டரம்மாவுக்குப் புரியலை. சுகர் பார்த்தாங்க, இல்லை. சதையைத் துளி கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினாங்க, ஒண்ணுமில்லை. கடைசியில எனக்கு முன்னாடியே ஜெபக்கனியைத் திட்டினாங்க. "மத்தவங்களுக்கு எல்லாம் சுருங்குது, இவங்களுக்கு மட்டும் ஏன் பெருசாகுது? ஒழுங்காக் கட்டுறீங்களா இல்லையா?" அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி. எனக்குப் பாவமாப் போச்சு. டாக்டர் போனதும் தோள்ல தட்டிக் கொடுத்தேன். "விடு சிஸ்டர், கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. அது எல்லாருக்கும் அமையாது"ன்னேன்.

அவ என்னைப் பார்த்தா. அப்புறம் என் காலைப் பார்த்தா. முழங்காலுக்குக் கீழ விரலை வெச்சுத் தடவினா.

"இது என்ன அக்கா, சுத்திலும் தடம்?"

"பாவாடை நாடா பதிஞ்சிருக்கும் சிஸ்டர்."

"முழங்காலுக்குக் கீழயா?"

ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

அவ குனிஞ்சு கட்டினா. கட்டி முடிச்சுட்டு மேஜையில இருந்து நீல மார்க்கர் பேனாவை எடுத்தா. முழங்கால்ல ஆரம்பிச்சுக் கணுக்கால் வரைக்கும், கட்டு மேலயே, நெடுக ஒரு கோடு இழுத்தா. ஸ்கேல் வெச்ச மாதிரி.

"என்ன சிஸ்டர் இது?"

"சும்மாதான் அக்கா. அழகுக்கு."

எனக்கு ஒண்ணும் தோணலை பாருங்க. பரவாயில்லையே, ரசனை இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். வீட்டுல போய் அவிழ்த்த பிறகுதான் தெரிஞ்சுது. நாடாவைப் பிரிச்சா கோடு போச்சு, சாண் சாணுக்கு ஒரு நீலப் புள்ளி. நம்ம முறையில கட்டினேன். புள்ளி ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, ஒண்ணு கெண்டைக்கால்ல. தெளிச்சுவிட்ட மாதிரி. அப்பத்தான் புரிஞ்சுது. பொண்ணு எனக்குப் பொறி வெச்சிருக்கா!

யார்கிட்ட? பார்டருக்குப் பார்டர் சேர்த்த கை இது. வேற வேற தறியில நெய்த முந்தானையையும் சேலை உடம்பையும் கோடு தெரியாம சேர்த்துக் காட்டுவேன். இந்த ஒரு நீலக் கோட்டைச் சேர்க்க மாட்டேனா? உட்கார்ந்தேன். மேல இறுக்கிக் கட்டினாப் புள்ளி விலகுது. கொஞ்சம் தளர்த்தினா அந்தப் பக்கம் விலகுது. நாலு தடவை, அஞ்சு தடவை. பிறகு கண்டுபிடிச்சேன். அவ கீழ எம்புட்டு இழுத்தாளோ அம்புட்டு இழுக்கணும். அவ மேல எம்புட்டு விட்டாளோ அம்புட்டு விடணும். பாதிச் சுத்து மேல பாதிச் சுத்து ஏறணும். அப்படிக் கட்டினாத்தான் புள்ளி மேல புள்ளி வந்து உட்காருது.

ரெண்டு மணி நேரம். கோடு வந்துருச்சு. மயிரிழை பிசகலை.

என்ன, கட்டு தப்பா வந்துருச்சு. கீழ இறுக்கம், மேல தொளதொளன்னு, அவ கட்டின மாதிரியே. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். மறுபடி அவிழ்த்தா மறுபடி யார் கோடு சேர்க்கிறது? அந்த வாரம் முழுக்க அப்படியே கிடந்துச்சு.

அடுத்த செவ்வாய் வந்து காலை நீட்டினேன். அவ குனிஞ்சு பார்த்தா. "கோடு நேரா இருக்கே அக்கா"ன்னா. ஏன், கோணணுமான்னு கேட்டேன். அவளுக்கு மூஞ்சி விழுந்துரும்னு பார்த்தேன், சிரிக்கிறா. ஏமாந்தது தெரியாம சிரிக்கிறா பாவம்!

அன்னைக்குத் தாள் வெச்சு வரைஞ்சா, கொடி காணோம். அடுத்த வாரம் இலை காணோம். மாங்காய்க்கு வால் போச்சு. ஒவ்வொரு வாரமும் அவ கோடு போடுவா. முதல்ல ரெண்டு வாரம் அவிழ்த்து அவிழ்த்துச் சேர்த்தேன். அப்புறம் சலிச்சுப் போச்சு, அவிழ்க்கிறதையே விட்டுட்டேன். செருப்பு தொளதொளன்னு ஆச்சு. வாடை போச்சு. ஃபால்ஸ் தைக்கிற இடத்துல ஒரு மூட்டை பழைய துணி கிடந்துச்சு, அது மேல காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டுத் தைப்பேன், மரியாதைக் குறைவுதான், ஆனா யாரும் ஒண்ணும் சொல்லலை.

எதனால ஆறிச்சுன்னு கேட்கிறீங்களா? அதைச் சொல்லத்தானே இவ்வளவு நேரம் பேசுறேன். கத்தரிக்காய். ஆடி ரெண்டாவது வாரத்துல இருந்து கத்தரிக்காயைத் தொடலை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க, அரிப்புக்கு அதுதான் காரணம்னு. நிறுத்தின அதே வாரம் கொடி நின்னுச்சு. நீங்களே கணக்குப் பண்ணிக்குங்க. டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். "சாப்பிடாட்டிப் பரவாயில்லை, கட்டை மட்டும் அவிழ்க்காதீங்க"ன்னாங்க. படிச்சவங்களுக்கு வெண்டைக்காய் எது கத்தரிக்காய் எதுன்னே தெரியாது.

போன வாரம் ஜாக்கெட் பட்டன் அளவுதான் இருந்துச்சு. இன்னைக்கு என்னன்னு தெரிஞ்சிரும். தீபாவளிச் சரக்கு திங்கக்கிழமை மாடிக்கு ஏறுது அக்கா. இன்னைக்கு அந்தத் தாள்ல எதாவது வரைஞ்சான்னு வையுங்க, என் கவுண்டர் போச்சு. மூணாவது மாடியில என் பொம்மைக்குக் கோமளா சேலை கட்டுவா. ஏற்கெனவே கட்டுறா. போய்ப் பார்த்தேன். எட்டும் இழவு வீட்டுக்குப் போற மாதிரி நிக்குதுங்க.

இருங்க. என்னைத்தான் கூப்பிடுறாங்க. பையைப் பார்த்துக்குங்க. இடத்தை விட்டுறாதீங்க.

*

வந்துட்டேன். கொஞ்சம் நகருங்க.

இந்தாங்க, பாருங்க. தேதி மட்டும் இருக்கு. என்ன தேடுறீங்க? ஒண்ணும் இல்லை. அவ தாளை வெச்சா, பேனாவை எடுத்தா, வரையுறதுக்கு ஒண்ணும் இல்லை. அப்படியே பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டா. அவங்க வந்து தடவிப் பார்த்துட்டு, "ஜெபக்கனி, நல்ல கை உனக்கு"ன்னாங்க. கத்தரிக்காயை விட்டது நான், பேரு அவளுக்கு. போகட்டும். அந்தத் தாளை வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன், கொடுத்துட்டா. வெத்துத் தாளு. எதுக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியலை.

லெட்டரும் கொடுத்துட்டாங்க. டாக்டரம்மா படிச்சுக் காட்டினாங்க. பட்டு கவுண்டருக்குப் போகலாம். மணிக்கு ஒரு தடவை ஸ்டூல்ல உட்காரணும். அடுத்த மாசம் லேசர். அதுவரைக்கும் பகல் முழுக்க இந்த சாக்ஸ் போட்டிருக்கணும், இல்லைன்னா மறுபடி மாங்காய் முளைச்சிரும். ஸ்டூலைப் பத்திப் பார்க்கலாம். அதுல அடுக்கின சேலையை எங்க வைக்கிறது?

ஆனா இந்த சாக்ஸைப் பாருங்க அக்கா. கையை விட்டுப் பாருங்க. கணுக்கால்ல உசிரு போற மாதிரி இறுக்கம். மேல போகப் போக லேசு. கம்பெனிக்காரனே தலைகீழாத் தெச்சு வெச்சிருக்கான்! அவனும் ஜெபக்கனிகிட்டத்தான் தொழில் படிச்சிருப்பான் போல. ஒண்ணும் பெரிய வேலை இல்லை, கணுக்கால் பக்கத்துல ரெண்டு தையலைப் பிரிச்சு விட்டாச் சரியாப் போயிரும். என் பையை எடுங்க. நூல் வெட்டுற கத்தரி இருக்கும், ஃபால்ஸ் தைக்கிற இடத்துல கொடுத்தது. அதான். கொடுங்க.

இந்தப் பக்கமாத் திருப்பிப் பிடிங்க. பின்பக்கத்துல நெடுக ஒரு தையல் ஓடுது பாருங்க, மேல இருந்து குதிகால் வரைக்கும். கையில கொடுக்கும்போது ஜெபக்கனி அதைத் தடவிக் காட்டித்தான் சொன்னா. "அக்கா, இதுல நான் கோடு போட முடியாது. இந்தத் தையல் நேரா வர்ற மாதிரி போட்டுக்குங்க. கோணினாப் பார்க்க அசிங்கமா இருக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்கே சொல்லிக் கொடுக்கிறா.

நல்லாத்தான் தெச்சிருக்கான். ஒரு இடத்துல நெளியலை. இந்த இடத்துல ரெண்டு தையலைப் பிரிச்சா, கோடு வாயைப் பிளந்துக்கும். இங்க பிரிச்சா, கீழ எல்லாம் ஒரு பக்கமா இழுத்துக்கும். அதைப் போட்டுக்கிட்டு நான் பட்டு கவுண்டர்ல நிக்கணும். சேலைக்குள்ள யார் பார்க்கப் போறாங்கன்னு நீங்க கேட்கலாம். நான் பார்ப்பேனே.

வேண்டாம். கத்தரியை உள்ள போடுங்க. தீபாவளி முடியட்டும், சாவகாசமாப் பார்த்துக்கலாம்.

உங்களைக் கூப்பிடுறாங்க பாருங்க. போங்க, பயப்படாதீங்க. கை கொஞ்சம் அப்படித்தான், நல்ல பொண்ணு. கட்டி முடிச்சுட்டுப் பேனாவை எடுத்தான்னா ஒண்ணும் கேட்காதீங்க, அழகுக்குத்தான் போடுறா. கத்தரிக்காயை மட்டும் இன்னைக்கே நிறுத்திருங்க.